எந்தப் பூட்டு முதலில்

ராம்கியிடம் ஒரு வித்தை உண்டு. மீட்டிங்கில் யாராவது சங்கடமான கேள்வி கேட்டால் பதில் சொல்ல மாட்டார். கேட்டவர் பெயரை அன்பாகச் சொல்வார், ஒரு சிரிப்புச் சிரிப்பார், அடுத்த ஸ்லைடுக்குப் போய்விடுவார். கேட்டவருக்குத்தான் என்னமோ சபையில் கெட்ட வார்த்தை பேசிவிட்டதுபோல் ஆகிவிடும். அன்று மதியம் அந்தச் சிரிப்பு அனுஷாவுக்குக் கிடைத்தது.

அவள் கேட்டது சின்னக் கேள்விதான். "ஆறாவது பெட்ல நம்ம மானிட்டர் ஏன் நின்னுது?"

நோயாளியின் விரலில் கிளிப் ஒன்றை மாட்டி, இதயத் துடிப்பையும் ரத்தத்தில் இருக்கும் ஆக்சிஜனையும் காட்டுகிற பெட்டிதான் அந்தக் கம்பெனியின் பிழைப்பு. அளவு இறங்கினால் பெட்டி கத்தும். யாராவது வந்து பட்டனை அழுத்தும்வரை விடாமல் கத்தும். பழைய பெட்டியில் ஒரே ஒரு ப்ராசஸர். புதிதில் நான்கு. அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரியின் ஐ.சி.யூ.வில், புதுப் பெட்டிகளைப் பழையவற்றின் பக்கத்திலேயே வைத்து ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சோதனை அன்றோடு முடிகிறது. சாயங்காலம் பழைய பெட்டிகளைக் கழற்றி எடுத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு அங்கே படுத்திருப்பவர்களுக்குக் காவல் புதுசு மட்டும்தான்.

அந்தப் புதுசு ஒருமுறை, ஆறாவது படுக்கையில், நட்டுவைத்த கல்லாக நின்றுவிட்டது. ராம்கியின் ஸ்லைடில் அதற்குக் கிடைத்த இடம் ஒரே வரி: ப்ளக் லூஸ், ரீஸ்டார்ட் செய்யப்பட்டது.

மீட்டிங் முடிந்ததும் அனுஷா அவரை வராந்தாவில் பிடித்தாள். "ப்ளக் லூஸா இருந்தா பேட்டரில ஓடும், ராம்கி. நிக்காது."

"லாக் செக்கர் என்ன சொல்லுது?"

"ஒண்ணும் சொல்லல."

"மூணு மாசம் லேப்ல ஓட்டியிருக்கோம். ஒரு வார்னிங் வந்துதா? அலாரம் கோடு நான் எழுதினது, அனுஷா. ஒன்பது வருஷமா ஃபீல்டுல ஓடுது, ஒரு கம்ப்ளெயிண்ட் கிடையாது." குரலை இறக்கினார். "இந்த ட்ரையல் தள்ளிப்போச்சுன்னா டீமையே கலைச்சுடுவாங்க. கொஞ்சம் யோசிச்சுப் பேசு."

யோசிப்பதுதான் அவளுக்குச் சம்பளம். அனுஷாவின் வேலை கெர்னல். பெட்டிக்குள் யார் எப்போது எதைத் தொடலாம் என்று பஞ்சாயத்துப் பண்ணுகிற அடித்தள மென்பொருள். நான்கு ப்ராசஸர்களும் ஒரே நேரத்தில் ஒரே எண்ணில் கை வைத்தால் அந்த எண் கந்தலாகிவிடும். அதனால் பூட்டு. பூட்டை எடுத்தவன் வேலையை முடித்துத் திறக்கும்வரை மற்றவன் வாசலில் நிற்க வேண்டும். அவள் புழங்குகிற ரகத்துக்கு ஸ்பின்லாக் என்று பெயர். இதில் காத்திருப்பவன் தூங்கக்கூட முடியாது; "ஆச்சா, ஆச்சா" என்று நச்சரித்துக்கொண்டே நிற்பான். கண் இமைப்பதற்குள் பூட்டு கைமாறிவிடும் என்பதால் அது யாருக்கும் தெரியாது.

ஆனால் திறக்க வேண்டியவனே இன்னொரு பூட்டுக்காகக் காத்துக்கொண்டிருந்தால்? அனுஷா முதலில் தங்கியிருந்த பெண்கள் விடுதிச் சமையலறையில் இந்தக் கூத்தைத் தினமும் பார்த்திருக்கிறாள். ஒருத்தி கையில் லைட்டர், இன்னொருத்தி கையில் பாத்திரம். நீ கொடு, இல்லை நீ கொடு. இரண்டும் கீழே வராது, பாலும் காயாது. கெர்னல்காரர்கள் இதை டெட்லாக் என்பார்கள். வராமல் தடுக்க எல்லோரும் எப்போதும் ஒரே வரிசையில் பூட்டுகளை எடுக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த வரிசையைக் கவனித்துக்கொண்டே இருந்து, எவனாவது தலைகீழாக எடுத்தால் கூச்சல் போடுவதற்கென்றே இருப்பதுதான் லாக் செக்கர். அது வாயைத் திறக்கவில்லை. அதுதான் அனுஷாவை அரித்துக்கொண்டிருந்தது. டெட்லாக்கைத் தவிர வேறு எதுவும் ஒரு பெட்டியை ஒரு வார்த்தைகூட எழுதிவைக்க விடாமல் இப்படி நிறுத்தாது என்று அவளுக்கு உள்ளுக்குள் அடித்துக்கொண்டது.

லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு மெட்ரோவில் ஏறினாள். யாரிடமும் சொல்லவில்லை.

ஐ.சி.யூ.வில் பகல் டியூட்டி நர்ஸ் ஓஸ்வால்ட். காக்ஸ் டவுன்காரர், நாற்பதைத் தாண்டியவர். கம்பெனி அடையாள அட்டையைப் பார்த்ததுமே முகம் சுருங்கிவிட்டது.

"மறுபடியும் ப்ளக் கதையா மேடம்? நான் ஒயரை இழுத்துட்டேன்னு உங்க ஆபீஸ்காரர் சொல்லிட்டுப் பூட்டாரு. மேட்ரன் கையில வாங்கிக் கட்டிக்கினது நானு."

"நீங்க இழுக்கலன்னு எனக்குத் தெரியும் சார். அன்னைக்கு என்ன பார்த்தீங்கன்னு மட்டும் சொல்லுங்க."

"நம்பர் நின்னுனு இருந்துச்சு. ஆஃப் பண்ணி ஆன் பண்ணேன். அவ்ளோதான்." அதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை. பட்டவர், மறுபடி படத் தயாராக இல்லை.

அனுஷா ஓரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். இரண்டாவது படுக்கையில் ஒரு பாட்டி கையை அசைத்ததில் புதுப் பெட்டியின் கிளிப் நகர்ந்துவிட்டது; பெட்டி கத்தியது. ஓஸ்வால்ட் போனார். இடது கை பெட்டியின் தலையில் இருந்த சைலன்ஸ் பட்டனை அழுத்தியது, வலது கை அதே நேரத்தில் கிளிப்பை நேராக்கியது. திரையைப் பார்க்கவே இல்லை. கொஞ்ச நேரத்தில் நான்காவது படுக்கை. அதே இடது கை, அதே வலது கை. அப்புறம் மறுபடி பாட்டி.

மூன்றாவது முறை அந்த இடது கை போனபோது அனுஷா எழுந்து அவரிடம் போனாள்.

"ஒரு நாளைக்கு அந்த பட்டனை எத்தனை தடவை அழுத்துவீங்க?"

"எண்ணினு இருப்பாங்களா மேடம்? கத்துனா அமுக்குவோம். பேஷண்ட் தூங்க வாணாமா?"

வெளியே வந்து லேபுக்குப் போன் போட்டாள். எடுத்தது ரயான்; டெஸ்ட் ரூம் அவன் பொறுப்பு.

"ரயான், நம்ம லேப்ல அலாரம் கத்தும்போது யாராவது சைலன்ஸ் பட்டன் அழுத்தறோமா?"

"எங்க கத்துது? ஸ்பீக்கர் ஒயரைத்தான் முதல் வாரமே புடுங்கிப் போட்டாச்சே. அத்தனை பெட்டியும் ஒண்ணா கத்துனா எவன் அந்த ரூம்ல உக்காருவான்?"

"பட்டன் டெஸ்ட்னு ஒண்ணு இருக்குல்ல?"

"இருக்கு. பெட்டி சும்மா இருக்கும்போது அழுத்திப் பார்ப்போம், பட்டன் வேலை செய்யுதான்னு. ஏன், என்ன ஆச்சு?"

"வந்து சொல்றேன்," என்று போனை வைத்தாள். அலாரம் இல்லாதபோது அழுத்தினால் பட்டனுக்கான ப்ரோக்ராம் முதல் வரியிலேயே திரும்பிவிடும். பூட்டுப் பக்கமே போகாது. லாக் செக்கர் தன் கண்ணால் பார்த்த வரிசையைத்தான் சோதிக்கும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு மூன்று மாதம் காவல் இருந்தது, ஆனால் அந்த வழியில் ஒரு ஈ காக்கா நடக்கவில்லை. காதுக்கு இதமாக இருக்கட்டும் என்று ஒரு ஒயரைப் பிடுங்கிவிட்டு, பெட்டி சுத்தம் என்று சான்றிதழ் கொடுத்திருக்கிறார்கள். நோயாளியின் காதுக்கு அந்த வசதி இல்லை.

லேப்டாப்பை மடியில் வைத்து ராம்கி எழுதிய அலாரம் கோடைத் திறந்தாள். சைலன்ஸ் பட்டன் அழுத்தப்பட்டதும், முதலில் அலாரம் பூட்டை எடுக்கிறது. ஸ்பீக்கரை நிறுத்துகிறது. பிறகு, அந்த நேரத்தில் நோயாளியின் அளவு என்னவென்று குறித்துக்கொள்ள, அளவுப் பூட்டைக் கேட்கிறது. அனுஷா எழுதிய பகுதி வேறு. விரலிலிருந்து அளவு வந்ததும் அளவுப் பூட்டை எடுக்கும். அளவு மோசமாக இருந்தால், கத்தச் சொல்வதற்காக அலாரம் பூட்டைக் கேட்கும். இவன் கையில் லைட்டர், அவன் கையில் பாத்திரம்.

ஒன்பது வருஷமாக ஓடியது என்று ராம்கி சொன்னது பொய்யில்லை. பழைய பெட்டியில் இருந்தது ஒற்றை ப்ராசஸர். அங்கே இந்தப் பூட்டுகள் வெறும் பெயருக்குத்தான். ப்ரோக்ராமைத் தயாரிக்கும்போதே காணாமல் போய்விடும். பூட்டே இல்லாத கதவில் யார் மாட்டிக்கொள்வார்கள்? நான்கு ப்ராசஸர் வந்த பிறகுதான் பூட்டு நிஜப் பூட்டாயிற்று. மாட்டிக்கொள்வது இரண்டு ப்ராசஸர்தான் என்பதால், மீதி இரண்டும் "எல்லாம் சுகம்" என்று சொல்லிக்கொண்டிருக்கும். பெட்டி தானாக ரீஸ்டார்ட்டும் ஆகாது. திரையில் கடைசியாக வந்த நல்ல எண் அப்படியே நிற்கும்.

எப்போது இது நடக்கும் என்று நினைத்துப் பார்த்தாள். நர்ஸ் பட்டனை அழுத்துகிற அதே கணத்தில் அளவு இறங்கினால் மட்டும் நடக்கும். நன்றாக இருக்கிறவரை அது ஒன்றும் செய்யாது. இறங்கிக்கொண்டிருப்பவரைப் பார்த்துத்தான் பிடிக்கும்.

லிஃப்ட் திறந்தது. ராம்கி வந்தார், கூடவே ஐ.சி.யூ. தலைவர் டாக்டர் சின்னப்பா, பின்னால் ட்ராலி தள்ளிக்கொண்டு இரண்டு பணியாளர்கள். சாயங்காலம் என்று சொன்னது முன்னாலேயே வந்துவிட்டது. அனுஷாவைப் பார்த்ததும் ராம்கியின் சிரிப்பு பாதியில் நின்றது. அவரை ஓரமாக இழுத்துப் போய், ஸ்பீக்கர் ஒயரையும் பூட்டு வரிசையையும் சொல்லி முடித்தாள்.

ராம்கிக்கு விளங்கிவிட்டது. ஒரு கணம் அவர் முகத்தில் அந்தக் கோடை எழுதிய ப்ரோக்ராமர் எட்டிப் பார்த்தார்; உதடு அசைய, மனதுக்குள் ஒவ்வொரு வரியாக ஓட்டிப் பார்த்தார். முகம் வெளுத்தது. பிறகு மேனேஜர் திரும்பி வந்துவிட்டார்.

"ஃபிக்ஸ் எவ்வளவு?"

"ரெண்டு வரிதான். ஆனா எல்லா டெஸ்டையும் முதல்லேருந்து, ஸ்பீக்கரை மாட்டி ஓட்டணும்."

"அடுத்த அப்டேட்ல போட்டுடலாம். இங்க வாயைத் திறக்காதே. லட்சத்துல ஒரு தடவை நடக்கறது இது."

"இங்க ஒரு தடவை நடந்தாச்சு, ராம்கி."

"அனுஷா," என்றார். சிரித்தார். டாக்டர் பக்கம் போய்விட்டார்.

அவள் பேசாமல் நின்றாள். அதைச் சொல்லத்தான் வேண்டும்: நின்றாள். ஆரணியில் வாங்கிய வீட்டுக்கு மாதாமாதம் கட்ட வேண்டியது, டீமில் இருக்கிற பதினோரு பேர், எல்லாம் நெஞ்சில் வந்து உட்கார்ந்துகொண்டன. முதல் படுக்கையில் பழைய பெட்டியைக் கழற்றினார்கள். இரண்டாவதில் பாட்டியின் பெட்டி. மூன்றாவது, நான்காவது. ஐந்தாவது படுக்கை காலி; புதுப் பெட்டி மட்டும் ஓரமாக இருந்தது. பெட்டிகள் ட்ராலியில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறின; ஒரு பணியாளர் அதைத் தள்ளிக்கொண்டு லிஃப்ட்டுக்குப் போனார். அனுஷாவுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

ஆறாவது படுக்கையில் ஒரு பெரியவர், கண்மூடி, வாய் லேசாகத் திறந்து படுத்திருந்தார். அவருடைய பழைய பெட்டியை இன்னொரு பணியாளர் கழற்றித் தூக்கினார். அந்த நேரம் பார்த்துப் புதுப் பெட்டி கத்தியது. ஓஸ்வால்டின் இடது கை பட்டனுக்குப் போனது.

அனுஷா பாய்ந்துபோய் அந்தக் கையைப் பிடித்துவிட்டாள். "அழுத்தாதீங்க."

வார்டே திரும்பிப் பார்த்தது. பெட்டி கத்திக்கொண்டே இருந்தது. ஓஸ்வால்ட் வலது கையால் கிளிப்பை நேராக்கினார். எண் தொண்ணூற்றைந்துக்கு ஏறியது. சத்தம் மட்டும் நிற்கவில்லை.

"ஏம்மா அழுத்தக்கூடாது?" என்றார் சின்னப்பா.

"அழுத்தினா பெட்டி நின்னு போக வாய்ப்பிருக்கு டாக்டர். நின்னு போனா வெளியில தெரியாது. நம்பர் அப்படியே நிக்கும், சத்தம் வராது."

ராம்கி முன்னால் வந்தார். "டாக்டர், அவங்க கொஞ்சம் டென்ஷன்ல இருக்காங்க. இது ஒரு தியரி. லேப்ல மூணு மாசம்—"

"லேப்ல ஸ்பீக்கர் ஒயரைப் புடுங்கிட்டுதான் ஓட்டினோம்," என்றாள் அனுஷா. சொன்ன பிறகுதான் தன் குரல் எவ்வளவு பெரிதாக வந்தது என்று தெரிந்தது.

சின்னப்பா பெட்டியை அணைக்கச் சொன்னார். பழைய பெட்டியைப் பெரியவருக்கே மறுபடி மாட்டச் சொன்னார். பிறகு காலியாக இருந்த ஐந்தாவது படுக்கையைக் காட்டினார். "காட்டுங்க."

அனுஷா கிளிப்பைத் தன் விரலிலேயே மாட்டிக்கொண்டாள். ஆக்சிஜன் தொண்ணூற்றெட்டு, துடிப்பு நூற்றுப்பன்னிரண்டு. அவள் பயம் பச்சை எழுத்தில் ஊருக்கே தெரிந்தது. கிளிப்பை உருவினாள், கத்தியது. மாட்டினாள், எண் வந்தது, சத்தம் நிற்கவில்லை. உருவினாள், பட்டனை அழுத்தினாள். சத்தம் நின்றது, திரையில் எண் இருந்த இடத்தில் வெறும் சிறுகோடு வந்தது. ஒழுங்காகத்தான் வேலை செய்தது. மறுபடி. மறுபடி. மறுபடி. ஒவ்வொரு தடவையும் சமர்த்தாக நடந்துகொண்டது பெட்டி. ராம்கி கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளங்கை வேர்வையில் பட்டன் வழுக்க ஆரம்பித்தது.

"எனக்கு ரவுண்ட்ஸ் இருக்கும்மா," என்றார் சின்னப்பா. அவர் குரலில் கோபம் இல்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

"போதும், அனுஷா," என்றார் ராம்கி மிருதுவாக.

எங்கே தப்பு என்று அவள் மண்டையை உடைத்துக்கொண்டாள். உருவுகிறேன், அழுத்துகிறேன். உருவுகிறேன், அழுத்துகிறேன். ஒன்றன்பின் ஒன்று. இரண்டு கை இருந்தும் நடத்துகிற தலை ஒன்றுதான். எவ்வளவு வேகமாகச் செய்தாலும் அவள் ஒற்றை ப்ராசஸர். இந்தப் பூட்டு ஒருத்தியிடம் மாட்டவே மாட்டாது.

"ஓஸ்வால்ட் சார், இங்க வாங்க. இந்தக் கிளிப்பை நீங்க பிடிச்சுக்கோங்க. உங்களுக்கு எப்பத் தோணுதோ அப்ப உருவுங்க, அப்பறம் மாட்டுங்க. என்னைப் பார்க்கவே கூடாது. நானும் உங்களைப் பார்க்க மாட்டேன்."

"எண்ணி உருவணுமா மேடம்?"

"எண்ணக் கூடாது. உங்க இஷ்டம்."

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஒரு கையை அவரிடம் கொடுத்துவிட்டு இன்னொரு கையால் கண்மண் தெரியாமல் பட்டனை அழுத்த ஆரம்பித்தாள். விரலில் கிளிப் வருவதும் போவதும் தெரிந்தது, ஆனால் மனதை அங்கே போகவிடவில்லை. கத்தியது, அடங்கியது. கத்தியது, கத்தியது, அடங்கியது. பின்னால் யாரோ பெருமூச்சு விட்டார்கள். கத்தியது. அழுத்தினாள். அடங்கியது.

மறுபடி கத்தவில்லை.

காத்திருந்தாள். வராந்தாவில் யாருடைய செருப்போ தேய்வது கேட்டது. மெதுவாகத் திரும்பினாள். திரையில் ஆக்சிஜன் தொண்ணூற்றெட்டு, துடிப்பு நூற்று இருபத்துநான்கு, இரண்டும் பச்சை. குனிந்து தன் விரலைப் பார்த்தாள். விரலில் ஒன்றும் இல்லை. கிளிப் ஓஸ்வால்டின் கையில் இருந்தது. அவர் அதைத் தன்னிடமிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

சின்னப்பா கிளிப்பை அவரிடமிருந்து வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளே சிவப்பு விளக்கு யாரும் இல்லாமல் எரிந்துகொண்டிருந்தது. திரை நூற்று இருபத்துநான்கு என்றது. பட்டனை அழுத்திப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. ராம்கி வாயைத் திறந்தார், ஆனால் இந்த முறை யார் பெயரும் வரவில்லை.

"ஓஸ்வால்ட்," என்றார் சின்னப்பா. "அன்னைக்கு ஆறாவது பெட்ல இப்படித்தான் இருந்துச்சா?"

ஓஸ்வால்ட் ராம்கியை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சொன்னார். "இதேதான் டாக்டர். இது தொண்ணூத்தேழு காட்டினு இருந்துச்சு. பேஷண்ட் உதடெல்லாம் நீலம். கீழ எழுபத்தெட்டுக்கு வந்துட்டாரு."

"இது தொண்ணூத்தேழு காட்டுது, சத்தமும் போடல. அப்புறம் நீ எப்படிப் போய்ப் பார்த்தே?"

"பக்கத்துல பழசு கத்துச்சு டாக்டர். அதான் ஓடினேன்."

சின்னப்பா மற்ற நான்கு படுக்கைகளையும் பார்த்தார். ஒவ்வொன்றின் பக்கத்திலும் புதுப் பெட்டி பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. இரண்டாவதில் பாட்டியின் கை மறுபடி அசைந்தது. வராந்தாக் கோடியில், இத்தனை நேரம் வராத லிஃப்ட் வந்து நிற்கிற மணி கேட்டது. அங்கே காத்திருந்த பணியாளர் பழைய பெட்டிகளோடு ட்ராலியை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார்.

டாக்டர் அந்தப் பக்கம் நடந்தார். நாலடி வைத்தவர், ஓடத் தொடங்கினார்.